அப்பா மட்டும் பயப்படாத இசை

இசையைக் கேட்டு ஒரு வீடே நடுங்க முடியும் என்பது எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது தெரிந்தது. அதற்குக் காரணமானவர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். அங்கே பெரிய அரங்குகளில் எல்லாம் அவர் எழுதிய இசையை வாசிக்கிறார்களாம். அப்படிப்பட்டவர் பென்னலூரில் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில், கடிக்க முடியாத முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

அவரை அழைத்து வந்தது மாமா, அம்மாவின் தம்பி. மாமா சென்னையில் ஒரு பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குழு பெரியவரின் இசையைப் பாட இருந்ததால் ஒத்திகைக்கு அவரே வந்திருந்தார். வந்தவர், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரும்பு அடிபடும் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். மாமாவுக்கு உடனே அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ஒரகடத்தில் தகட்டை அச்சில் வைத்து அடித்துக் கார் கதவாக்கும் பிரஸ் லைனில் பல வருடமாக வேலை பார்த்துவந்தார். தொழிற்சாலைக்குள் அனுமதி கிடைக்கவில்லை. இருவரும் மதிற்சுவருக்கு வெளியே வெயிலில் நின்று கேட்டுவிட்டு, அன்று லீவில் இருந்த அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பெரியவர் பேசப் பேச மாமா தமிழில் சொன்னார். அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெரியவருக்கு என் வயது இருக்கும்போது ஒருநாள் சுரங்கத்துச் சங்கு ஊதக் கூடாத நேரத்தில் ஊதியது. பெண்களும் பிள்ளைகளும் ஓடிப்போய்ச் சுரங்க வாசலில் நின்றார்கள். கீழே போனவர்களில் சிலர் மேலே வந்தார்கள். அவருடைய அப்பா வரவில்லை. அன்றைக்கு அங்கே நின்றதைத்தான் வாழ்நாள் முழுக்க விதவிதமாக எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

அதுவரை எனக்கு, ஸ்கூல் விட்டால் பிள்ளைகள் வீட்டுக்கு வருவதுபோல ஷிப்ட் முடிந்தால் அப்பா வருவார். வராமலும் போகலாம் என்று யாரும் சொன்னதில்லை.

பிறகு அவர் ஒரு சின்ன ஸ்பீக்கரை டீப்பாயில் வைத்துத் தன் இசையைப் போட்டார். முதலில் அடியில் தும், தும் என்று முரசு. அது பிரஸ் விழுவதுபோலவே இருந்தது. அதன் மேல் வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, மெலிந்து, மேலே மேலே ஏறின. முரசு நின்றுவிட்டது. வயலின்கள் மட்டும் ஊசிபோல ஒரே இடத்தில் நின்று இழுத்தன. எனக்குக் கண்ணுக்குள் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்பது தெரிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அப்பாவைக் காணவில்லை. அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமாவின் முகம் வெளுத்திருந்தது. நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா சிரித்த முகமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை போதவில்லை என்று அம்மாவிடம் உரக்கச் சொன்னார்.

“பயமா இல்லியாப்பா?” என்று கத்தினேன்.

அப்பா என் வாயைப் பார்த்தார். “இன்னா பயம்? நல்லாத்தான கீது.”

பெரியவர் இசையைக் கவனிக்கவில்லை. அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை நீட்டி இசையை நிறுத்தினார். எனக்கு மூச்சு வந்தது. அப்பா மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்து, ரசிக்கிறவர்போல இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் நாற்காலியை அப்பாவுக்கு எதிரில் இழுத்துப் போட்டு ஏதோ கேட்டார். மாமா அப்பாவின் முகத்துக்கு நேராக வந்து, தயங்கித் தயங்கித்தான் அதைத் தமிழில் கேட்டார். “எப்பலேர்ந்து இப்டி?”

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. “ரொம்ப நாளாவே. அடுத்த மாசம் மெடிக்கல் செக்கப் கீது. தெரிஞ்சா லைன்லேர்ந்து எடுத்துடுவாங்க. யாராண்டயும் சொல்ல வேணாம்னு அவருக்குச் சொல்லு.”

அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தன் இசைக்குப் பயப்படாத ஒரு மனிதரைப் பார்த்துவிட்ட வருத்தம் என்று நான் நினைத்தேன். ரொம்ப நாளாகவே அப்பாவுக்குப் பயமே கிடையாது, அதைக் கம்பெனியில் சொன்னால் இன்னும் ஆபத்தான வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் நானே விளங்கிக்கொண்டேன். அந்த வயலின்களில் ஒன்றுகூட அப்பாவின் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம்தான். அப்பாவின் மடியில் ஏறி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் காதோடு வாயை வைத்து ரகசியமாகக் கேட்டேன்: “டெய்லி திரும்பி வந்துடுவல்லப்பா?”

அப்பா பெரியவரைப் பார்த்தபடியே தலையாட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.