சுவக்கீன் எழுதிய முதல் புகார்

சித்திரபுரம் பக்கம் எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் சுவக்கீனுக்குத்தான் ஆள் போகும். நாற்பத்தாறு வயது. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். மின்வாரியக் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துப் பழைய கணினிகளைப் பழுது பார்க்கிறான். கழுத்தில் செபமாலையோடு ஒரு பென்டிரைவும் தொங்கும். அதில் தமிழ் எழுத்துரு இருக்கும். அது இல்லாத கணினியில் தமிழைத் திறந்தால் எழுத்து வராது, வரிசையாக வெறுங்கட்டம்தான் வரும். பங்குச் சாமியார் அறையோ வாசகசாலையோ, கட்டத்தைக் கண்டால் சுவக்கீன் ஒரு வார்த்தை பேசாமல் எழுத்துருவை ஏற்றிவிட்டு, பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டுப் போய்விடுவான்.

நல்ல குணம்தானே என்பீர்கள். அந்த நல்ல குணம்தான் குடியைக் கெடுத்தது.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரை ஒழுகினால் தார்ப்பாய், குழாய் உடைந்தால் சைக்கிள் டியூப். மேலே எழுதிக் கொடுக்கிற பேச்சே கிடையாது. எழுதிக் கொடுத்தவன் பெயர் ஆபீசில் கெட்டுப்போகும் என்று அப்பன் சொல்லி மகன் கேட்டு வளர்ந்த பயம் அது. மூன்று தலைமுறையில் பயம் பெருமையாகவே மாறிவிட்டது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்வதில் அவர்களுக்கு அப்படி ஒரு மிடுக்கு.

பழைய கணினிகளிலும் ஓடுகிற மாதிரி லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் சுவக்கீனும் இருந்தான். அதில் அவன் ஒருவன்தான் தமிழன். பிப்ரவரியில், புதுப் பதிப்போடு எந்தெந்த எழுத்துருவைச் சேர்த்துக் கொடுப்பது என்று இணையத்தில் கூட்டம் போட்டார்கள். எழுத்துருப் பட்டியல் ரேஷன் கடை வரிசை மாதிரி நீள்கிறது, வேண்டியதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்று பலர் புலம்பியிருந்தார்கள். ஆகவே ஆட்கள் கேட்ட மொழிகளை மட்டும் வைப்பது, மற்றதை வேண்டியவர்கள் இறக்கிக்கொள்வது என்று யோசனை. கூட்டத்தை நடத்திய ரிஞ்சு பொல்லாத பெண் இல்லை. சுவக்கீனிடம் கேட்கத்தான் செய்தாள். தமிழ் எழுத்து திரையில் தெரியவில்லை என்று நான்கு வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லையே, உங்கள் பக்கம் எப்படி என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம், நாற்பது கணினிக்கு மலை ஏறி இறங்கியிருக்கிறேன் தாயே என்று. மிடுக்கு விட்டால்தானே! எங்கள் பக்கம் ஒரு புகாரும் கிடையாது, எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்றான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். தமிழைச் சேர்க்காமலே பட்டியலை முடித்தார்கள்.

அவன் அக்கா புஷ்பமேரி கொழுந்து கிள்ளுகிறவள், இன்னமும் அந்தப் பழைய லயத்தில்தான் இருந்தாள். மே மாதம் தம்பியைத் தேடி வந்தாள்.

"ஏலே சுவக்கீனு, அடுப்படிக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சு செவத்தத் தள்ளிக்கிட்டு நிக்கி. இந்த மழைக்குத் தாங்காதுலே. பன்னெண்டு வீட்டுக்காரவுகளும் சேந்து எழுதிக் குடுப்போம்ங்காக."

"நம்மளா? எழுதிக் குடுக்கவா?"

"பயமாத்தான் இருக்கு. உசுருக்கு அதவிடப் பயமா இருக்கேலே."

அந்த லயத்திலிருந்து போன முதல் மனு அது. சுவக்கீன் பன்னிரண்டு வீட்டுப் பெயரையும், சுவர் எத்தனை அடி சாய்ந்திருக்கிறது என்பதையும் தமிழில் அழகாக அடித்தான். அதாலத்து என்கிற குறைதீர்க்கும் முகாமுக்கு மனுவைக் கணினிக் கோப்பாக முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அனுப்பினான். முகாமுக்கு அக்காவோடு தானும் போவதாக இருந்தது. ஆனால் அன்று காலை போடிமெட்டிலிருந்து போன். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கணினியில் புதுப் பதிப்பை ஏற்றியதும் அவன் முன்பு போட்டுக் கொடுத்த எழுத்துரு அழிந்து, நோயாளிகள் பெயரெல்லாம் கட்டமாக வருகிறதாம்.

"நீ போக்கா, மனுதான் அங்க இருக்கே" என்று சொல்லிவிட்டு, பென்டிரைவோடு பஸ் ஏறினான்.

முகாமில் குமாஸ்தா மடிக்கணினியில் மனுவைத் திறந்தார். அதிலும் அதே புதுப் பதிப்பு. பக்கம் முழுக்கக் கட்டம். "ஃபைல் கேடாயிப்போயி, சேச்சி" என்று மலையாளத்தில் கைவிரித்தார். புஷ்பமேரி வாயாலேயே சொல்லியிருக்கலாம். வரிசையில் பின்னால் நூறு பேர் நின்றார்கள். "பரவால்ல சார், தம்பி பாத்துக்கிடுவான்" என்று எழுந்து வந்துவிட்டாள். அதே ரத்தம்தானே. அடுத்த முகாம் ஆகஸ்டில் என்றார்கள்.

கேட்டதுமே சுவக்கீனுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்காவது குழுவுக்கு இரண்டு வரி எழுதினானா? இல்லை. "ஆகஸ்டுல நானே வந்து அந்த மெஷின்ல ஏத்திருதேன்க்கா" என்றான்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலை, வேலைக்குக் கிளம்ப அடுப்படியில் சோறு கட்டிக்கொண்டிருந்த புஷ்பமேரி மேல் அந்தச் சுவர் விழுந்தது.

மரண அறிவிப்பு அடிக்க சுவக்கீன் கடைவீதிக்குப் போனான். அச்சுக் கடை ஜோஜோ போன வாரம்தான் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தான். அக்காவின் படம் திரையில் தெளிவாக வந்தது. அதற்குக் கீழே பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டங்கள் வரிசையாக நின்றன.

"இதென்னண்ணே, அக்கா பேரு இப்படி வருது? அந்தப் பென்டிரைவக் குடுங்க, போட்டுருவோம்" என்றான் ஜோஜோ.

சுவக்கீனின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"அது கெடக்கட்டும். எந்திரி" என்றான்.

உட்கார்ந்து குழுவின் புகார்ப் பக்கத்தைத் திறந்தான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று அவனுக்கே தெரியும். கண்ணில் நீர் முட்டி விசைப்பலகை தெரியவில்லை. துடைத்துத் துடைத்து அடித்தான். என்ன கோளாறு என்று கேட்டிருந்தது. தமிழ் எழுத்து தெரியவில்லை என்று போட்டான். எவ்வளவு நாளாக? நான்கு வருடம். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

நாற்பது என்று அடித்தான். அதை அழித்துவிட்டு, ஒன்று என்று அடித்தான்.