தொடக்க ஜெபம் முடிந்தால்தானே கூட்டம்

பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் உபதேசியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உபதேசியார் என்றால் கோயில் மணி அடிப்பவர், சாமியார் இல்லாதபோது ஜெபம் சொல்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மீதிப் பாதி, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, டீ சொல்லிவிடுவது, மினிட்ஸ் எழுதுவது. நான் செத்த பிறகு, கூட்டங்களில் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம், மோட்சத்துக்கு முன்னால் பாவக்கடன் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி நிச்சயம் கேட்பேன்.

இனிமேல் பங்குப் பேரவைக்கு வந்து கூட்டம் நடத்தப்போகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பந்து

எங்கள் பேரவையின் மாதக் கூட்டம் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் தொடங்கும். எப்போது முடியும் என்பது பரலோகத்தில் இருப்பவருக்கே தெரியும். சந்தியாகு பெரியவர் நாட்டுப்படகுக்காரர்களின் ஆள். மரியதாஸ் விசைப்படகு வைத்திருப்பவர். திருவிழாவில் புனிதரின் சொரூபத்தை ஏற்றிக்கொண்டு கடலில் ஊர்வலம் போவது யாருடைய படகு என்பதில் இருவருக்கும் ஓயாத வழக்கு. அதைப் பேசிப் பேசியே மற்றதெல்லாம் அடுத்த மாதத்துக்குப் போகும்.

புதிதாக வந்த இளம் சாமியாரை, கூட்டத்தைப் பயனுள்ளதாகவும் மகிழ்ச்சியாகவும் நடத்துவது எப்படி என்று ஒரு பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் பந்தும் மேசை மணியும் கொண்டுவந்தார்.

"பந்து யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். பேசி முடிச்சதும் அடுத்தவங்களுக்குத் தூக்கிப் போட்டுடணும். ரொம்பப் பேசுனா மணி அடிப்பேன். ஜாலியா இருக்கும் பாருங்க" என்றார்.

முதல் பந்தைப் பிடித்தவர் சந்தியாகு பெரியவர். வலையில் விழுந்ததைத் திருப்பிக் கடலில் விடுகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. பேசினார். மணி அடித்தது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு மேலும் பேசினார்.

மரியதாஸ் எழுந்துவிட்டார். "பெரியவரே, பந்தைப் போடுங்க."

"நான் இன்னும் பேசி முடிக்கலயேப்பா."

"அதான் மணி அடிச்சாச்சுல்ல?"

"எனக்குத்தான் காது மந்தம்னு ஊருக்கே தெரியுமே."

பந்து கைமாறாமலே கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் சாமியார் பந்தை விட்டுவிட்டு மணியை மட்டும் வைத்துக்கொண்டார். மணி அடித்தால் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நல்ல பலன் இருந்தது. கூட்டத்தில் சண்டையே இல்லை.

2. கண்ணை மூடிக்கொண்டு

சண்டை எங்கே போனது என்றால், தொடக்க ஜெபத்துக்குப் போனது. ஜெபத்தின் நடுவில் எந்தச் சாமியாராலும் மணி அடிக்க முடியாது. எங்கள் வழக்கம், ஒருவர் ஜெபத்தைத் தொடங்கி வைப்பார், வேண்டியவர்கள் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லலாம். ஒவ்வொன்றின் முடிவிலும் "உம்மை மன்றாடுகிறோம்" என்றதும், எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும்.

சந்தியாகு கண்ணை மூடிக் கைகூப்பினார். "ஆண்டவரே, விசைப்படகுக்காரவுக கடலையே அரிச்சு எடுத்துட்டாக. இப்ப சொரூபத்தையும் தூக்கிட்டுப் போகப் பாக்குறாக. அவுக பேராசைய அடக்கணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

நாட்டுப்படகுக்காரர்கள் கூரை அதிரப் பதில் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், விசைப்படகுக்காரர்களும் சொன்னார்கள். சின்ன வயதில் பூசையில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து பழகிய வாய். காதில் விழுந்ததை மனசு யோசிப்பதற்குள் அது பதில் சொல்லிவிடும்.

மரியதாஸ் சும்மா இருப்பாரா? "ஆண்டவரே, நீரு தண்ணி மேல நடந்தவரு. உமக்குப் படகே வேணாம். ஆனா ஒழுகுற படகுல ஒம்ம புனிதரை ஏத்தி முக்கிப்புடாம காக்கணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

அதற்கும் எல்லாரும் கேட்டருளும் என்றார்கள். இரண்டு மன்றாட்டையும் ஒரே நேரத்தில் கேட்டருள வேண்டிய ஆண்டவரை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஜெபம் முடிவதற்குள் டீ ஆறிப்போகும். அதற்கு மேல் வரவேற்புரை, போன கூட்டத்து அறிக்கை, வந்த விருந்தினருக்குப் பொன்னாடை, நன்றியுரை.

பாலைநிலத்தில் அத்தனை ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஆண்டவரும் ஒரு கூட்டம் நடத்தினார். உட்காரச் சொன்னார், கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார், வானத்தைப் பார்த்துச் சுருக்கமாக ஜெபித்தார், இருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பகிர்ந்து கொடுத்தார். எல்லாரும் வயிறு நிறைந்து வீட்டுக்குப் போனார்கள். எங்கள் பேரவையிடம் விட்டிருந்தால் அப்பம் ஊசிப்போயிருக்கும்.

3. இதர

அஜெண்டாவின் கடைசி வரிக்குப் பெயர் 'இதர'. அந்த வரிக்காக மாதாமாதம் வாசலில் வந்து நிற்பவள் ஜெசிந்தா. கடலில் முங்கிப் பாசி எடுப்பவள், புருஷன் இல்லை, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு பெண் பிள்ளை. அவள் கேட்டது ஒன்றுதான். பாசி எடுக்கும் பெண்கள் கடலில் இருக்கிற காலை நேரத்தில் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைப் பங்கு ஹாலில் இருக்க விட வேண்டும். பார்த்துக்கொள்ள மாதா சபைப் பெண்கள் தயார். ஹால் கல்யாண நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். ஆனால் புது டைல்ஸ் பாழாகிவிடும் என்று சந்தியாகுவுக்குக் கவலை. ஹால் பொறுப்பு அவருடையது, சாவி அவர் இடுப்பில்.

"உபதேசியாரே, ஒங்க இதர என்னைக்குத்தான் வரும்? உலகம் முடிஞ்ச பொறவா?" என்று என்னிடம் சத்தம் போடுவாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். ஆனால் கூட்டத்தில் பேச அவள் உறுப்பினர் இல்லையே.

பாசி எடுப்பதை நிறுத்தி வைத்திருந்த காலம் முடிந்து, மறுநாள் பெண்கள் கடலில் இறங்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம். சந்தியாகுவும் மரியதாஸும் ஒரே நேரத்தில் எழுந்து, யார் முதலில் ஜெபம் தொடங்குவது என்று மல்லுக்கு நின்றார்கள். சாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் உக்காருங்க. ஏம்மா ஜெசிந்தா, உள்ள வந்து நீ ஜெபம் பண்ணு."

அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாரும் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, போன தடவை எம் புள்ளைய கட்டில் கால்ல சேலையால கட்டிப் போட்டுட்டுத்தான் கடலுக்குப் போனேன். அது முடிச்ச அவுத்துக்கிட்டு என்னைத் தேடிக் கடலுக்கே வந்துருச்சு. அலைக்குள்ள கெடந்தத, தலமுடியப் புடிச்சுத்தான் தூக்குனாக. நாளைக்கு நான் போகலன்னா அடுப்பு எரியாது. போனா, திரும்பவும் கட்டிப் போடணும். புள்ளைய கட்டிப் போடாம நான் வேலைக்குப் போகணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். கட்டிப் போட்ட கதை எனக்கும் அதுவரை தெரியாது.

"இந்த ஹாலு சாவி சந்தியாகு அண்ணன்கிட்ட இருக்கு. நாளைக் காலைல அவுக தெறந்து விடணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லாரும். சந்தியாகுவின் குரலும் அதில் இருந்தது.

"ஆமென்" என்ற கையோடு சாமியார் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார். "தீர்மானம் ஏகமனதா நிறைவேறுச்சு. உபதேசியாரே, எழுதிக்குங்க."

சந்தியாகு பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார். "சாமி, அது ஜெபம்ல?"

"அப்ப இத்தன மாசமா நீங்க பண்ணுனது என்ன பெரியவரே?"

பெரியவர் ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "கட்டியா போட்டுட்டுப் போன, தாயி?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். அன்று டீ சூடாக இருக்கும்போதே குடித்தோம்.

கூட்டம் நடத்தப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விடிந்தால் யாருக்குக் கஷ்டமோ, அவரை முதலில் பேச விடுங்கள். பந்து, மணி எல்லாம் உங்கள் விருப்பம்.

மறுநாள் விடிகாலை ஹாலைத் திறந்தேன். ஜெசிந்தா பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போனாள்.