சுடலைமுத்துவை அழிக்காத ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்துவிட்டாள் என்று அவள் அண்ணன் போனில் சொன்னபோது குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். டெங்கு. முதலில் என் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் அழுதேன்.

எங்கள் பள்ளியில் அவள் ஓவிய ஆசிரியை, நான் அறிவியல். லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை தடவி, தாளில் படம் அச்சிடுவாள். அமெரிக்காவில் 1930களில் பொருளாதாரம் சரிந்த பெருமந்தக் காலத்தில் அரசுச் சம்பளம் வாங்கி ஓவியர்கள் செய்த அணை, பாலம் அச்சுப்படங்களைப் போனில் காட்டுவாள். சிலவற்றைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். “பாலத்த எம்மாம் பெருசா போட்டுக்கீறான், ஆளுங்கள எறும்பாட்டம் வுட்டுட்டான் பாரு.”

ஒரகடம் பக்கம் மேம்பாலம் கட்டும் ஒப்பந்த நிறுவனம் தன் அலுவலகத்தில் மாட்ட அவளிடம் ஒரு படம் கேட்டது. அந்த வாரம்தான் அங்கே வேலை செய்த சுடலைமுத்து சாரத்திலிருந்து விழுந்து செத்தான். தென்காசிக்காரன். இடுப்புக்கு பெல்ட்கூடக் கொடுக்கவில்லை. ஸ்டெல்லா பாலத்துக்கு முன்னால் அவனைத் தூண் உயரத்துக்கு, விழுகிறபடியே செதுக்கினாள்.

நிறுவனத்தின் மேலாளர் பார்த்தார். “பாலம் சூப்பர் மேடம். அந்த ஆளு மட்டும் வேணாம்.”

“சரிங்க சார்.”

செதுக்கிய இடத்தில் மை ஒட்டாது. அவன் உருவத்தை மட்டும் ஓரம் பிசகாமல் செதுக்கித் தள்ளினாள். அச்சில், கறுப்புப் பாலத்தின் நடுவே வெள்ளை வெளேரென்று அவனே விழுந்துகொண்டிருந்தான். மேலாளர் எங்கள் பள்ளித் தாளாளரிடம் பேசினார். அடுத்த மாதம் ஸ்டெல்லாவுக்கு வேலை இல்லை. “போவட்டும்டி, அந்தாளு தூக்கத்துல அவன் வருவான்ல,” என்று சிரித்தாள்.

அதே மேலாளர் சாவு வீட்டுக்கு வந்தார். “பாலம் திறப்பு விழா மலர்ல மேடம் ஞாபகமா அந்தப் படத்தப் போடலாம்னு இருக்கோம். வெள்ளையா இருக்கறத கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம். தகடு யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்டதான். தரமாட்டேன் சார்.”

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: “கைக்கொழந்தைய வெச்சுக்கினு இன்னாத்துக்கு வம்பு? உன் வேலையும் பூடும்.”

போகலாம். இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் செத்த பிறகு அவள் பெயரிலேயே அவனை அழிக்கப் பார்க்கிறார்கள். அதை நினைத்தால் பயம் போய்விடுகிறது.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தகடு. அவளைப்போலச் சிரித்துவிட்டுப் போக எனக்கு வராது. தாளும் மையும் வாங்கிவிட்டேன். ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் எந்தத் தூணைப் பார்த்தாலும் சுடலைமுத்து விழுந்துகொண்டிருப்பான். மேலாளர் இதைப் படித்தாலும் சரி, கிழிக்கக் கிழிக்க ஒட்டுவேன். அவளை அறிந்தவர்கள் இரங்கல் கூட்டம் எதுவும் போட வேண்டாம். ஆளுக்கொரு வாளி பசையோடு பாலத்துக்கு வாருங்கள்.