வாசிக்கப்படாத முதல் சம்பளம்

மைக்கை விரலால் தட்டும் அந்த டொக் டொக் சத்தம் எங்கே கேட்டாலும், கல்யாண வீடோ கட்சிக் கூட்டமோ, என் கால் ஆடத் தொடங்கிவிடும். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிவதற்கு முன் செயலர் அப்படித்தான் தட்டுவார். தட்டிவிட்டு அந்த வாரத்துக் காணிக்கைகளை வாசிப்பார். வேலை கிடைத்த பிள்ளைகள் முதல் மாதச் சம்பளத்தை முழுசாகக் கவரில் போட்டு ஆலயத்தில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெயரும் தொகையும் வாசிக்கப்படும். ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது என்பார்கள். எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். ஒருமுறை மைக்கில் சொல்லிவிடுவார்கள்.

மகள் பிளஸ் டூ முடித்த அந்தக் கோடையில் நான் ஜெபித்த நேரம் குறைவு, காது கொடுத்த நேரம் அதிகம். அவளுக்கு உயிரியல்தான் வேண்டும். வெளியூர்த் தனியார் கல்லூரி, ஐந்து வருடம். ஆறு லட்சம் கல்விக் கடன். படிப்பு முடிந்தபின் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம், பத்து வருடம் கட்ட வேண்டும் என்றார்கள் வங்கியில். என் கையெழுத்து கேட்டார்கள். கல்ஃபில் லாரி ஓட்டும் அவளுடைய அப்பா, "நீயே பாத்து ஒரு முடிவு எடு, எனக்கு இஞ்ச வண்டி எடுக்க நேரமாச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

பேனாவைத் திறப்பேன், மூடுவேன். கடன் எவ்வளவு என்று தெரியும். மறுபக்கம் சம்பளம் என்ன வரும் என்று தெரியாது. ஆகவே ஞாயிறுகளில் மைக்கைக் கவனித்தேன். நர்ஸிங் முடித்து அயர்லாந்து போனவளின் தொகையைச் செயலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை வாசித்தார். கப்பலுக்குப் போனவன் வந்தான், கம்ப்யூட்டர் படித்தவன் வந்தான். உயிரியல் படித்த ஒருவரும் வரவில்லை. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, பாட்டு நடுவில், பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒருத்தி உண்டு.

மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நுண்ணுயிரியல் படித்தவள். ஆறு வருடம் முன்பு அவளுக்கு வேலை கிடைத்தும் முதல் சம்பளம் வாசிக்கப்படவே இல்லை. ஆலய வாசலில் செருப்பு தேடிக்கொண்டே பெண்கள் அதைப் பேசினோம். "கர்த்தருக்குக் குடுக்காதவ கையில காசு தங்குமா?" என்று சொன்னது நான்.

கம்பெனி வேன் அவளைப் புதுக்கடை சந்திப்பில் இறக்கிவிடும். ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போய் நின்றேன். பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்தோம். அவள் விரல்களில் குளோரின் வாடை இருந்தது. நான் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு ரப்பர் விலையைப் பற்றி. அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு எனக்க சம்பளம் தெரியணும். அவ்வளவுதானே?"

"பிள்ளைக்காகத்தான் மக்கா..."

"முதல் சம்பளம் பதினாலாயிரம். லோன் தவணை பதினொண்ணு. அத கவர்ல போட்டிருந்தா பேங்க்காரன் வீட்டுக்கு வந்திருப்பான். கர்த்தர் வந்தா பேசிக்கலாம். அவன்ட்ட பேச முடியாதுலா?"

"இப்போ?"

"முப்பத்திரண்டு. தவணை அதேதான். இன்னும் நாலு வருஷம் கெடக்கு."

"அப்போ படிச்சது நஷ்டமா?"

அவள் ஸ்ட்ராவால் டம்ளரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி மூடி வச்ச தட்டக் காலையில தெறந்தா, கிருமி சின்னச் சின்னப் பொட்டா வளந்து கெடக்கும். அத பாக்கதுக்கு இப்பவும் நான் ஓடித்தான் போவேன். அதுக்கு என்ன வெல போட, சொல்லுங்க. ஆனா ஒண்ணு. எனக்க கடன்ல பாதி ஹாஸ்டலுக்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்கும் போச்சு. மொத மூணு வருஷப் பாடம் எங்க படிச்சாலும் அதேதான். ஒங்க பிள்ள இஞ்ச இருந்தே பஸ்ல போய் டிகிரி படிக்கட்டு. மேல்படிப்புக்கு மட்டும், நல்ல லேப் உள்ள எடமா பாத்து லோன் எடுங்க. எனக்கு அன்னைக்கு இத சொல்ல ஆளில்ல."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவள், "பின்ன, அன்னைக்கு வாசல்ல நீங்க சொன்னது எனக்குக் கேட்டுது அக்கா, கேட்டியளா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் எலுமிச்சை ஜூஸ் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் போய்ப் படி என்றதும் வீட்டில் மகள் கொதித்தாள். "நர்ஸிங் படின்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். ஒனக்கு என்னது பிடிச்சிருக்கோ அதப் படி, ஆனா கதவத் தொறக்க மாட்டேன்னு சொன்னா எப்பிடிம்மா?" மறுநாள் முழுக்கப் பொழிமுகத்தில் இருந்தாள். ஆறு கடலில் சேரும் அந்த மணலில் நண்டு வளைகளை எண்ணி நோட்டில் குறித்து வைப்பது பள்ளி நாளிலிருந்தே அவள் பழக்கம். மணல் ஒட்டிய காலோடு வந்து, முகத்தைப் பார்க்காமல், "பஸ் பாஸுக்கு போட்டோ எடுக்கணும்" என்றாள்.

மூன்று வருடம் பஸ்ஸில் போனாள். "எங்க லேப்ல, பாட்டில்ல ஒரே ஒரு தவளதாம்மா. எங்களுக்கு முன்ன படிச்ச எல்லாரையும் அதுக்குத் தெரியும்" என்பாள். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய், துவைத்த துணியையே மறுபடி அலசுவேன். வெளியூர் போன தோழிகள் அனுப்பும் படங்களை அவள் போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதைக் கதவிடுக்கில் கண்டுவிட்டு, முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடப்பேன். கடன் குறைந்தது, உண்மை. பதினெட்டு வயது ஒருத்திக்கு ஊரை விட்டுப் போகும் வெறி இருந்ததே, அதை எந்தத் தட்டில் வைத்தேன்? அது எவ்வளவு எடை இருந்தது? மழைக்கு முன் பறக்கும் ஈசலைப் போல அந்தக் கேள்வி விளக்கையே சுற்றிச் சுற்றி வந்தது. இன்றும் வருகிறது.

இந்த வருடம் கடல் உயிரியல் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தை இருவரும் நேரில் போய்ப் பார்த்தோம். அங்கே படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று அவளே நான்கு பேருக்குப் போன் போட்டுக் கேட்டாள். இரண்டரை லட்சம் கடன். தவணை முன்பு சொன்னதில் பாதிகூட வராது. கையெழுத்துப் போட்டேன்.

வங்கிப் படி இறங்கும்போது என் உதடு அசைந்தது. பயம் வந்தால் பொருத்தனை செய்வது என் பழக்கம். ஆண்டவரே, இது நடந்தால் அதைத் தருகிறேன் என்று, என்னுடையதா என்றுகூடப் பார்க்காமல் நேர்ந்துவிடுவேன். ஓரக்கண்ணால் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாகர்கோவில் ஸ்டேஷனில் ரயில் அசையும் வரை வேறு எதையெதையோ பேசினோம். சார்ஜர், மாத்திரை, பூட்டு. சக்கரம் உருளத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து உரக்கச் சொன்னாள்:

"அம்மா, எனக்க முதல் சம்பளத்தப் பொருத்தனை பண்ணியிருந்தா, இன்னைக்கே போய் திருப்பி வாங்கிரு, என்னா?"