மாரப்பனும் முத்துப்பேச்சியும் மாத்திரை போட்ட கதை

தொண்ணூற்றேழாம் வருஷம் ஐப்பசியில், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மாத்திரை வாங்கும் வரிசையில்தான் முத்துப்பேச்சி அவனைக் கண்டாள். திருப்பூரில் அவள் வேலை செய்யும் அதே பனியன் கம்பெனியின் டெய்லர் மாரப்பன். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்றே அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அவனும் அப்படித்தான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்தவன், அவிநாசி தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க, நீங்களும் டி.பி. மாத்திரைக்குங்களா?"

"ஆமா."

"எனக்கு அது மட்டுமில்லீங்க. எய்ட்ஸ் கிருமியும் இருக்குதுன்னுட்டாங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "எனக்குந்தான்" என்றாள்.

அவள் கணவனும், அவன் மனைவியும் அந்த நோயிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதற்கான மருந்து அப்போது ஏழைகளுக்கு எட்டாத விலை. ஆனால் டி.பி.யை முழுசாகக் குணப்படுத்தலாம், மாத்திரையை நடுவில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருவருமே விட்டிருந்தார்கள். அவளுக்குக் குமட்டல், கூடத் தங்கியிருந்த பெண்கள் கேள்வி கேட்பார்களே என்ற பயமும் இருந்தது. அவனோ இருமல் நின்றதும் நோய் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டான்.

"நீங்க முழுங்குறத நான் பாக்கேன். நான் முழுங்குறத நீங்க பாருங்க" என்றாள் முத்துப்பேச்சி.

மறுநாள் முதல், மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பு, கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இருவரும் மாத்திரை போட்டார்கள். அவன் கண்ணை இறுக மூடி, கழுத்தை நீட்டி விழுங்குவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அந்தச் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது. செக்கிங் பகுதியில் இருந்த வேலாத்தாள் காதில் அது விழ, அன்று மதியத்துக்குள் கம்பெனி முழுக்கப் பேச்சு. சூப்பர்வைசர் லிங்கசாமி இருவரையும் கூப்பிட்டார்.

"காலங்காத்தால அங்க என்ன பண்றீங்க?"

மாரப்பன் சட்டென்று சொன்னான்: "லவ்வுங்க சார்."

லிங்கசாமி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "செரி செரி, போயி வேலையப் பாருங்க."

வெளியே வந்ததும் அவள் பொரிந்தாள். "யாரக் கேட்டுச் சொன்னீக?"

"வாயில வேற எதும் வருலீங்க."

"பொய்தான அது?"

அவன் தலையைச் சொறிந்தான். "பாதி பொய்யுங்க."

கோபப்படத்தான் பார்த்தாள், முடியவில்லை.

அதன்பிறகு அவர்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வைகாசியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, டி.பி. போய்விட்டது என்றார். அங்கேயே மாரப்பன் கேட்டுவிட்டான்: "நாங்க கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?" டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு இருவரையும் உட்காரவைத்தார். பாதுகாப்பாக இருக்கும் வழிகளைப் பொறுமையாக விளக்கிவிட்டு, "தாராளமாகப் பண்ணிக்கொள்ளுங்கள்" என்றார்.

வேலாத்தாளிடம் மட்டும் மறைக்க முத்துப்பேச்சிக்கு மனம் வரவில்லை. இருவருக்கும் இருக்கிற நோயைச் சொல்லிவிட்டாள். வேலாத்தாள் கையிலிருந்த பனியனை மடித்து வைத்தாள்.

பிறகு கேட்டாள்: "ஏங் கண்ணு, கல்யாணத்துக்கு உங்கூர்ல இருந்து எத்தன பேரு வருவாங்க? சோறு ஆக்கோணுமல்லொ."

ஆவணியில் சிவன்மலைக் கோயிலில் கல்யாணம். வேன் பிடித்து வந்தது அவர்கள் வேலை செய்த பகுதி மொத்தமும். அடிவாரத்தில் பந்தி. வேலாத்தாள் ஊத்துக்குளி நெய்யைக் கையோடு கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, ஒரு காலத்தில் கஞ்சிக்கே குமட்டிய முத்துப்பேச்சி, பட்டுச்சேலையில் நெய் சொட்டுவதைக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டாள்.