திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு யார் கூட்டிப்போவது

ஜெசிந்தா மேடம் இறந்துவிட்டார் என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, மில்லர்புரம் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். உப்பளத்துக்குப் பக்கத்தில் வரவிருக்கும் ஆலையைப் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் திங்கட்கிழமை. எங்கள் அரசியல் அறிவியல் மாணவர்களை இனி யார் அழைத்துப்போவது? துறையில் மிச்சமிருப்பது நான் மட்டும்தான்.

குடிமக்கள் உரிமையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நகர்கிறவர் அல்லர் அவர், அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கே தெரியும். முதல்முறை பிள்ளைகளை இப்படியொரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, ஆட்சியர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் சடாரென்று எழுந்து "குட் மார்னிங் சார்" என்று ராகம் போட்டார்கள். கூட்டமே சிரித்தது. அதன்பின் ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் மேடம் என்னிடம் சொன்னார்: "தப்பு நம்ம மேலதான் ஏளா. எந்திரிச்சு நிக்க மட்டுந்தான பழக்கியிருக்கோம்." மறுநாளிலிருந்து அவர் வகுப்புக்குள் நுழைந்தால் யாரும் எழக் கூடாது, கேள்வி கேட்பவர் மட்டும் எழவேண்டும். முதல்வருக்கு அது பிடிக்கவேயில்லை.

போன வருடம் குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு மாணவியின் தகப்பனார் முகம் வெளிறி மேடம் முன்னால் வந்து நின்றார். யாரோ இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, இதேபோன்ற இன்னொரு கூட்டத்துக்கு எங்களோடு வரவிருந்த மகளைப் பற்றி விசாரித்துப் போயிருந்தார்கள்.

"நம்ம ஊர்ல கூட்டம்னாலே ஈரக்கொல நடுங்குது டீச்சர். எம்புள்ளய விட்டுருங்க."

"பயமாத்தான் இருக்கும் அண்ணாச்சி. நீங்களும் வாங்க, அவ பக்கத்துலயே உக்காருங்க."

வந்தார். மகள் எழுந்து, கழிவுநீர் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டபோது, அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்த அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் பல வாரங்கள், தினமும் சாயங்காலம் அந்தப் பெண் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டாள் என்று போன் வரும்வரை மேடம் ஒரு வாய் டீகூடக் குடிக்கமாட்டார்.

"உங்களுக்கே இவ்வளவு பயம்னா புள்ளைகள ஏன் மேடம் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பயப்படாதவள நான் கூட்டிட்டே போவமாட்டேன் ஏளா. அவ அங்கன போயி கத்திட்டு வந்துருவா. பயந்தவதான் கேள்வியச் சரியாத் தயார் பண்ணுவா."

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும் அதே பெண் என்னிடம் வந்தாள். "திங்கக்கிழம போறோமா மேடம்?"

போகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து, தெருவில் பைக் நின்றால் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கிறேன். கேட்கவேண்டியதை எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். அவருடைய தைரியத்தைப் பற்றித்தான் நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குக் கிடைத்திருப்பது அவருடைய பயம். அதை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை அழைத்துப்போகப் போகிறேன்.