ஓடியவன் அவுட்

வார நாட்களில் நான் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க். சனி, ஞாயிறுகளில் பேஸ்பால் அம்பயர். கம்பெனி வேலை வயதானதும் தானாக முடிந்தது. அம்பயர் வேலை அப்படி முடியவில்லை. அது எப்படி முடிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

நம் ஊரில் பேஸ்பால் என்றால் பாதிப் பேர் சாப்ட்பாலா என்று கேட்பார்கள். அதனால் ஒரு விதியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் நான்கு பேஸ். ஓடுகிறவன் மூன்றைத் தாண்டி ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். தேர்ட் பேஸில் நிற்கிறவன், பேட்டர் பந்தை அடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பிச்சர் பந்தை வீசும்போதே ஓடி வந்து பிளேட்டைத் தொடலாம். இதற்கு ஸ்டீலிங் ஹோம் என்று பெயர். பந்து முந்துமா ஆள் முந்துவானா என்பதுதான் கேள்வி. நல்ல கால் உள்ளவனுக்கும் அநேகமாகப் பந்துதான் முந்தும்.

அந்த நேரத்தில் பேட்டர் பிளேட்டின் பக்கத்தில் பாக்ஸ் என்கிற தன் கட்டத்துக்குள் நிற்பான். நிற்கலாம், தப்பில்லை. ஆனால் கட்டத்தை விட்டு வந்தோ உடம்பை அசைத்தோ, பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரை மறித்துவிட்டால் அது பேட்டர் இன்டர்ஃபியரன்ஸ். வேண்டுமென்றே செய்தானா, தெரியாமல் செய்தானா என்று விதி கேட்பதில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தால் பேட்டர் அவுட். அதற்குக் குறைவாக இருந்தால் ஓடி வந்தவன் அவுட். தப்புச் செய்த பேட்டர் அங்கேயே நின்று தொடர்ந்து ஆடலாம்.

பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். மைதானத்தில் யாரும் சிரிப்பதில்லை.

கபிலனின் ஒரு அடி

பந்திங்கிலிருந்து ஒரு டீம் வந்துகொண்டிருந்தது. எல்லாம் செம்பனைத் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த பையன்கள். கோச் ஜெகா ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர். அந்த வேனிலேயேதான் டீமும் வரும். அவர்களுடைய கேட்சர் முகுந்தன். கேட்சர்கள் பொதுவாகக் கனத்த ஆட்களாக இருப்பார்கள். இவன் ஒல்லி, ஓட்டத்தில் சூரன்.

கேட்சருக்கும் பிளேட் அம்பயருக்கும் ஒரு நெருக்கம் உண்டு. அவன் குந்தியிருப்பான், அவன் தலைக்கு மேலாக நான் குனிந்திருந்து, பந்து சரியாக வந்தால் ஸ்ட்ரைக், விலகிப் போனால் பால் என்று சொல்வேன். ஆட்டம் முழுக்க அவன் மூச்சு எனக்குக் கேட்கும். முகுந்தன் ஓயாமல் பேசுவான். "அக்கா, இன்னைக்கு வெயில் மண்டைய பொளக்குது லா." "அக்கா, அது ஸ்ட்ரைக்கு, கண்ணாடி போடுங்க." எனக்கு அவனைப் பிடிக்கும். பிடித்ததால் ஒரு பந்தைக்கூட அவனுக்குச் சாதகமாகச் சொன்னதில்லை.

அரையிறுதி. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முகுந்தனுக்கு அது தெரியும். கடைசி இன்னிங்ஸ், பந்திங் ஒரு ரன் பின்னால். ஒருவர் அவுட். முகுந்தன் தேர்ட் பேஸில். பேட்டர் கபிலன், அவனுடைய சித்தி மகன்.

பிச்சர் கையைத் தூக்கியதும் முகுந்தன் புறப்பட்டுவிட்டான். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கபிலன் அவன் வருவதைப் பார்த்துப் பதறிவிட்டான். அண்ணனுக்கு வழி விட வேண்டும் என்று நினைத்து முன்னால் ஒரு அடி வைத்தான். அந்த அடி பிளேட்டைத் தாண்டி நேராக, பந்தை வாங்க முன்னால் வந்த எதிர் டீம் கேட்சரின் மேல் போய் விழுந்தது. கேட்சரால் கையை நீட்ட முடியவில்லை. முகுந்தன் சறுக்கி வந்து பிளேட்டைத் தொட்டான். தூசி அடங்குவதற்குள் பந்திங் பெஞ்ச் முழுவதும் மைதானத்துக்குள் வந்துவிட்டது.

நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். "பேட்டர் இன்டர்ஃபியரன்ஸ். ரன்னர் அவுட்."

ஜெகா ஓடி வந்தார். "அக்கா, பையன் பிளேட்ட தொட்டுட்டான் லா! உங்க கண்ணு முன்னாடிதானே!"

"தொட்டான் ஜெகா. அதுக்கு முன்னாடி கபிலன் கேட்சர மறிச்சிட்டான்."

"அப்ப கபிலன அவுட் குடுங்க. இவன் என்ன பண்ணான்?"

"ஒருத்தர்தான் அவுட் ஆயிருக்காங்க. ரூல்படி ரன்னர்தான்."

முகுந்தன் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முழங்கைத் தோல் உரிந்து ரத்தம். என்னை அண்ணாந்து பார்த்து, "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான்.

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்றேன்.

கபிலன் அடுத்த பந்தை உயரமாக அடித்துப் பிடி கொடுத்தான். அது மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. என் காருக்குப் போகும் வழியில் பந்திங்கிலிருந்து வந்திருந்த ஒரு பெண், எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். "நம்மாளு ஒண்ணு மேல நிக்குதேன்னு சந்தோசப்பட்டோம். நம்ம பிள்ளைக்கே கைய தூக்கிட்டு போறா பாரு." நான் திரும்பவில்லை.

மாநில அணியில் முகுந்தன் பெயர் வரவில்லை. அந்த ஒரு ரன்னால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

எங்கள் தலைமை அம்பயர் தனபாலன் சார் மறுநாளே போன் செய்தார். "பரமேஸ், எக்ஸலன்ட் டிசிஷன். நம்ம ஆளுங்கன்னு பாக்காம சொன்ன பாரு, அதான் அம்பயர்." லீக் கமிட்டியிலும் பாராட்டினார்கள். விதி என்றால் விதிதான் என்று சேர்மன் மேடையில் பேசினார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பேசாத கேட்சர்

அடுத்த வருடம் பந்திங் ஃபைனலுக்கே வந்துவிட்டது. எதிர் டீம் சுபாங் ஜெயா பக்கத்து ஒரு கிளப். பெயர் வேண்டாம். வசதியான வீட்டுப் பிள்ளைகள். லீக் சேர்மனின் மகன் அதில் ஆடினான். பிளேட்டில் நான். தேர்ட் பேஸ் பக்கம் தனபாலன் சார்.

முகுந்தன் என் முன்னால் வந்து குந்தினான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆறு இன்னிங்ஸ் ஒரு வார்த்தை கிடையாது. வெயிலைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஸ்ட்ரைக், பால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி இன்னிங்ஸில் இரண்டு பக்கமும் சமம். கிளப் பேட்டிங். ஒருவர் அவுட், தேர்ட் பேஸில் ரன்னர், பேட்டர் சேர்மனின் மகன். ரன்னர் ஓடினான். பந்து முன்னாலேயே வந்துவிட்டது. முகுந்தன் அதைச் சுத்தமாகப் பிடித்து, வருகிறவனைத் தொடுவதற்குத் திரும்பினான். அப்போது சேர்மனின் மகன் கட்டத்தை விட்டுப் பின்னால் ஒரு காலை வைத்து இடுப்பால் இடித்தான். முகுந்தனின் கை தட்டிப்போய்ப் பந்து கீழே விழுந்தது. ரன்னர் பிளேட்டைத் தொட்டான்.

கபிலன் வைத்த அடி பயத்தில் வைத்தது. இது அப்படி இல்லை. எப்படி இருந்தாலும் விதி ஒன்றுதான். கையைத் தூக்கினேன். "பேட்டர் இன்டர்ஃபியரன்ஸ். ரன்னர் அவுட்."

முகுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தான்.

உடம்பு சரியில்லை

கிளப் கோச் கத்திக்கொண்டு வந்தார். அது வழக்கம்தான். வழக்கமில்லாதது, கூடாரத்திலிருந்து சேர்மன் எழுந்து மைதானத்துக்குள் நடந்து வந்தது. அவர் என்னிடம் பேசவில்லை. தனபாலன் சாரிடம் போனார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு சார் என்னிடம் வந்தார்.

"பரமேஸ், நான் தேர்டுலேர்ந்து பாத்தேன். பையன் பாக்ஸ்லதான் நின்னான்."

"சார், கால் தடம் அங்கேயே இருக்கு. வந்து பாருங்க."

பிளேட்டுக்குப் பின்னால் புழுதியில் ஸ்பைக் ஷூ பதிந்த தடம் தெளிவாக இருந்தது. நான் கையைக் காட்டிய நேரத்தில் சேர்மனின் மகன் சாவகாசமாக நடந்து வந்து, ஷூவை அந்தத் தடத்தின் மேல் தேய்த்துக்கொண்டு நின்றான். சார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாத்திடு லா" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஒரு டிசிஷன்தானே. இதுக்குப் போயி ஏன் கஷ்டப்படுற?"

"இது என்னோட முடிவு சார். நான் கேக்காம நீங்க மாத்த முடியாது. நீங்கதான் எனக்கு அத சொல்லிக் குடுத்தீங்க."

"அப்ப மாத்த மாட்ட?"

"மாட்டேன்."

அவர் சேர்மனிடம் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வந்தது. பிளேட் அம்பயருக்கு வெயிலில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, அவருக்குப் பதிலாகத் தலைமை அம்பயர் நிற்பார் என்று. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு காலையும் ஊன்றி. முதலுதவிக்கு வந்திருந்த இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள். ஒருவன் என் கையைப் பிடித்து, "ஆன்டி, வாங்க, நிழல்ல உக்காருங்க" என்றான். பாவம், அவன் அறிவிப்பை நம்பியிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றேன். அவன் கையை விடவில்லை.

தனபாலன் சார் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பிளேட்டுக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்து சேஃப், அதாவது அவுட் இல்லை என்றார். ரன் சேர்ந்தது. கிளப் ஜெயித்தது. ஜெகா முறையிட்டார். இது அம்பயர் கண்ணால் பார்த்துச் சொன்ன முடிவு, இதற்கு முறையீடு கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் விதிப்படி சரிதான். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது.

நிழலில் என்னை உட்கார வைத்திருந்த இடத்துக்கு முகுந்தன் வந்தான். கால் பேடுகூடக் கழற்றவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு சொன்னததான் இன்னைக்கு அவனுக்கும் சொன்னீங்க. அது எனக்குத் தெரியும்" என்றான். "ஆனா அன்னைக்கு சொன்னது நின்னுச்சு. இன்னைக்கு நிக்கலியே."

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை. மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறான் என்று ஜெகா சொன்னார். அடுத்த வருடம் ஜெகாவின் டீமே வரவில்லை.

எனக்கு யாரும் வேலை இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிடவில்லை. நான் போன் செய்தால், "உடம்ப பாத்துக்குங்க அக்கா, ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். அந்தப் பொய்யை அவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்களா, அல்லது என்னைக் கேலி செய்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரிக்ஃபீல்ட்ஸில்

சில மாதங்களுக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தனபாலன் சாரைப் பார்த்தேன். அவரே எழுந்து வந்து என் மேசையில் உட்கார்ந்தார். வயதாகிவிட்டது. சேர்மன் மாறிவிட்டார், புது ஆள் நல்லவர் என்றார்.

"நீ திரும்பி வரணும் பரமேஸ். நல்ல அம்பயரே இல்ல இப்ப."

"அன்னைக்கு நான் சொன்னது சரியா சார்?"

"அது எல்லாருக்கும் தெரியுமே" என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "சேர்மனுக்கே தெரியும்."

நான் பல வருடங்களாக, சாருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம், வெயில் கண்ணில் அடித்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் அன்றோடு போயிற்று.

"அப்ப ஒரு தடவ பந்திங் போயி, அந்தப் பையன்கள்ட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு போன் பண்ணுங்க. வரேன்."

"முடிஞ்சு போன கதைய ஏன் கிளறுற?"

நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். போன் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் விதிகளை எப்படியும் கற்றுக்கொள்வீர்கள். எத்தனை பேர் அவுட் ஆகியிருந்தால் யார் அவுட் என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். அது பெரிய விஷயம் இல்லை. ஒரு நாள் நீங்கள் தேர்ட் பேஸ் பக்கம் நிற்பீர்கள். பிளேட்டில் நிற்கிற இன்னொருவர் சரியானதைச் சொல்லியிருப்பார். பெரிய ஆள் ஒருவர் உங்களிடம் நடந்து வந்து, நீ என்ன பார்த்தாய் என்று கேட்பார்.

பார்த்ததைச் சொல்லுங்கள்.